மதுரை வண்டிக்குக் கொடைக்கானல் குளிர்: எவ்வளவு நேரம் ஓடவிட்டு எடுப்பது?

கேள்வி இதுதான்: "என்னுடையது 2021-இல் வாங்கிய பெட்ரோல் கார். மார்கழி பிறந்ததிலிருந்து, காலையில் பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்கிறார் அப்பா. அவர் முன்பு பிரீமியர் பத்மினி கார் வைத்திருந்தவர். பொங்கல் லீவில் கொடைக்கானலில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். அங்கே இன்னும் அதிக நேரம் ஓடவிட வேண்டுமா? சித்தப்பாவின் டீசல் வண்டியும் கூட வருகிறது."

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மதுரையில் அரை நிமிடம் போதும். கொடைக்கானலில் ஒரு நிமிடம். அதற்கு மேல் நின்ற இடத்தில் ஓடவிடுவதால் உங்கள் வண்டிக்கு நல்லது எதுவும் நடக்காது, கொஞ்சம் கெட்டது நடக்கும். எடுத்த பிறகு முதல் நாலைந்து கிலோமீட்டரை எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆனால் அப்பாவிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள். அவர் தன் பத்மினிக்குச் சரியானதைத்தான் சொல்கிறார்.

நான் சிம்மக்கல் பக்கம் ஒரு பட்டறையில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பையனாகச் சேர்ந்து, பிறகு சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்து, இப்போது மகன் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவன். கார்புரேட்டர் காலத்தையும் பார்த்தேன், கம்ப்யூட்டர் காலத்தையும் பார்த்தேன். இந்தக் கேள்வி வருடா வருடம் டிசம்பரில் வரும். கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

மார்கழிக் குளிர் என்பது நமக்குத்தான் குளிர். மதுரையில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் 20, 21 டிகிரி இருக்கும். அதற்கே நாம் காதில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு டீக்கடைக்குப் போகிறோம். இன்ஜின் கணக்கு வேறு. அது நிம்மதியாக வேலை செய்கிற சூடு சுமார் 90 டிகிரி. சித்திரை விடியலில் 28 டிகிரி என்றால் அது இன்னும் 62 டிகிரி ஏற வேண்டும். மார்கழியில் 70. கொடைக்கானலில் 8 டிகிரி என்றால் 82. மூன்றுமே அதற்குப் பச்சைக் குளிர்தான். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று காலையில் யாராவது வண்டியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு எடுக்கிறார்களா? அன்றைக்கும் இரவெல்லாம் நின்று ஆறிப்போன இன்ஜின்தான் அது. சித்திரையில் எப்படி எடுக்கிறீர்களோ, மார்கழியிலும் ஏறக்குறைய அப்படியே எடுக்கலாம்.

அப்பாவின் பத்மினிக்கு ஏன் அது தேவைப்பட்டது? பெட்ரோல் திரவமாக எரியாது, ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். சூடான இன்ஜினில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று, எடைக் கணக்கில். ஆறிப்போன இன்ஜினில் உள்ளே போகிற பெட்ரோலில் பாதி ஆவியாகாமல் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். எரிவதற்குக் கிடைப்பது குறைச்சல். அதைச் சரிக்கட்டத்தான் சோக். சோக்கை இழுத்தால், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரின் வாயில் ஒரு தகடு மூடிக்கொள்ளும். காற்று குறையும், பெட்ரோல் கூடுதலாக உறிஞ்சப்படும். வண்டி பிடித்துக்கொள்ளும். அப்புறம் சூடு ஏற ஏற, சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள வேண்டும். சீக்கிரம் தள்ளினால் ஆஃப் ஆகும், பிளக் நனைந்துவிடும். தள்ள மறந்தால் கரும்புகை. அவசரப்பட்டு எடுத்தால் கோரிப்பாளையம் சிக்னலில் நடுரோட்டில் இருமிக்கொண்டு நிற்கும், பின்னால் வருகிறவன் ஹாரனிலேயே திட்டுவான். பத்து நிமிடம் ஓடவிடுவது அன்றைக்குப் புத்திசாலித்தனம். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி காலையில் ஒவ்வொரு வண்டியாக ஸ்டார்ட் செய்துவிட்டு, காதைக் கொடுத்துக் கேட்டபடி டீ குடிப்பார். சத்தம் மாறியதும் டம்ளரை வைத்துவிட்டுப் போய்ச் சோக்கைத் தள்ளுவார்.

உங்கள் வண்டியில் மேஸ்திரியின் காது இருக்கிற இடத்தில் ஒரு சென்சார் இருக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கிற கூலன்ட் எவ்வளவு சூடு என்று அது ஈசியூ என்கிற இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஈசியூ அதற்கேற்பப் பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கும், ஸ்லோ ஸ்பீடை, அதாவது நின்ற இடத்தில் இன்ஜின் சுற்றுகிற வேகத்தை, நிமிடத்துக்கு 1,200, 1,500 சுற்று என்று தூக்கிப் பிடிக்கும். காலையில் முதல் அரை நிமிடம் வண்டி கொஞ்சம் இரைகிறதே, அது கோளாறு இல்லை. சைலன்சர் வழியில் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் 250, 300 டிகிரி ஏறினால்தான் புகையைச் சுத்தம் செய்யும். அதைச் சீக்கிரம் சுட வைப்பதற்காக ஸ்பார்க்கைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுக்கிறது ஈசியூ. இரைச்சல் இறங்கிச் சுற்று காட்டுகிற முள் 900-க்குப் பக்கத்தில் வந்தால், எடுக்கலாம் என்று வண்டியே சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடத்துக்குள் இறங்கத் தொடங்கும். முழுவதும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டியதுகூட இல்லை.

அந்த அரை நிமிடம் மட்டும் எதற்கு என்றால், ஆயிலுக்கு. இரவில் ஆயில் எல்லாம் வடிந்து கீழே தொட்டியில் இறங்கியிருக்கும். ஸ்டார்ட் செய்ததும் பம்ப் அதை மேலே கேம் ஷாப்ட் வரைக்கும் ஏற்ற வேண்டும். டேஷ்போர்டில் ஆயில் விளக்கு இரண்டு, மூன்று விநாடியில் அணைந்துவிடும், கடைசி மூலைவரை நன்றாகப் போய்ச் சேர இன்னும் சில விநாடிகள். இந்த நேரத்தில் ரைஸ் பண்ணக் கூடாது. ஸ்டார்ட் ஆனதும் ஆக்ஸிலேட்டரை நாலு மிதி மிதித்து உறுமவிடுகிற பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அதுவும் கார்புரேட்டர் காலத்து மிச்சம். அன்றைக்கு அப்படி மிதித்தால் பம்ப் வழியாகக் கொஞ்சம் பெட்ரோல் பீய்ச்சும், வண்டி ஆஃப் ஆகாமல் நிற்கும். இன்றைக்கு அந்த உறுமலால் ஆயில் சரியாகப் போகாத இடத்தில் இரும்போடு இரும்பு உரசுவதுதான் நடக்கும்.

சரி, பத்து நிமிடம் நின்றால்தான் என்ன கெட்டுவிடும்? காசு பெரிதல்ல. சின்ன பெட்ரோல் கார் நின்ற இடத்தில் ஓடினால் மணிக்கு முக்கால் லிட்டர் அளவில் குடிக்கும். பத்து நிமிடத்துக்கு 120, 130 மில்லி. ஒரு டீ, வடை காசு. சிக்கல் வேறிடத்தில். சும்மா ஓடுகிற இன்ஜின் ரொம்பக் கொஞ்சம் பெட்ரோலைத்தான் எரிக்கிறது, எனவே ரொம்ப மெதுவாகத்தான் சுடும். ரோட்டில் நாலைந்து நிமிடத்தில் வருகிற சூடு, போர்ட்டிகோவில் கால் மணி நேரமானாலும் வராது. அவ்வளவு நேரமும் ஈசியூ கூடுதல் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கிற ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு பிஸ்டன் ரிங் இடுக்கு வழியாகக் கீழே ஆயில் தொட்டியில் போய்ச் சேரும். ஆயில் நீர்த்துப்போகும். டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பார்த்தால் பெட்ரோல் வாடை அடிக்கிற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். ஆயில் அளவு குறையாமல் ஏறியிருக்கிறதே என்று சந்தோஷப்பட்ட ஒருவரும் உண்டு.

பிஸ்டனுக்கும் ஒரு கதை இருக்கிறது. பிஸ்டன் அலுமினியம். பல இன்ஜின்களில் சிலிண்டர் சுவர் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் ஆறிய நிலையில் இடைவெளி கொஞ்சம் கூடுதலாக விட்டுத்தான் செய்திருப்பார்கள். காலையில் வருகிற லேசான டக் டக் சத்தம் இதனாலும் வரலாம், சூடானதும் அடங்கிவிடும். இந்த இடைவெளி சரியாகும்வரை பாரம் ஏற்றாதீர்கள் என்பதுதான் முதல் நாலைந்து கிலோமீட்டருக்கான விதி. 2,000-லிருந்து 2,500 ஆர்பிஎம்முக்குள் வைத்து ஓட்டுங்கள். ஓவர்டேக் வேண்டாம். அதற்காக நாலாவது கியரில் போட்டு முக்க முக்க ஓட்டுவதும் வேண்டாம், அது இன்னும் மோசம். உங்கள் டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் இல்லாமல் நீல விளக்கு மட்டும் இருந்தால், அது அணையும்வரை பதமாக ஓட்டுங்கள். அணைந்த பிறகும் இரண்டு கிலோமீட்டர் பொறுத்தால் நல்லது. அந்த விளக்குக்குக் கூலன்ட் சூடுதான் தெரியும், ஆயில் சூடாவதற்குக் கூலன்ட்டைவிட நேரம் பிடிக்கும்.

ஆயில் உறைந்திருக்குமே என்று உங்கள் அப்பா கேட்பார். கேட்க வைப்பது தேங்காய் எண்ணெய். மார்கழியில் பாட்டிலில் வெள்ளையாகக் கட்டிப் போய், வெயிலில் வைத்து எடுத்துத் தலைக்குத் தேய்க்கிறோம் அல்லவா, அதைப் பார்த்து இன்ஜின் ஆயிலையும் அப்படி நினைத்துக்கொள்கிறோம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே கட்டும். உங்கள் வண்டியில் 5டபிள்யூ-30 ஊற்றியிருந்தால், அந்த 5டபிள்யூ என்பது மைனஸ் 30 டிகிரியில் இன்ஜின் சுற்றுமா என்று சோதித்துக் கொடுக்கிற பெயர். டபிள்யூ என்பதே குளிர்காலத்தைக் குறிக்கிற எழுத்து. பழைய 20டபிள்யூ-40 ஆயிலுக்கே சோதனை மைனஸ் 15-இல். கொடைக்கானலில் எந்த ஆயிலும் உறையாது. ஆனால் கெட்டியாவது உண்மை. கம்பெனி 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 ஊற்றச் சொன்ன வண்டியில், "நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நிக்கும்ணே" என்று டிரம்மில் இருக்கிற 20டபிள்யூ-40-ஐ ஊற்றிவிடுகிற பழக்கம் இங்கே உண்டு. கடைசியாக ஆயில் மாற்றிய பில்லை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இந்த வெயில் பயத்தில் செய்கிற இன்னொரு காரியம் உண்டு, அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. தெர்மோஸ்டாட் வால்வு என்று ஒன்று இன்ஜினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடிக்கொண்டு, கூலன்ட்டை ரேடியேட்டர் பக்கம் விடாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றவைக்கும். 82, 88 டிகிரி வாக்கில்தான் திறக்கும். இன்ஜின் சீக்கிரம் சூடாவதற்கான ஏற்பாடே இதுதான், பத்து நிமிடம் ஓடவிடுவதைவிட ஆயிரம் மடங்கு உருப்படியானது. நாங்கள் என்ன செய்தோம்? வண்டி ஹீட் ஆகிறது என்று யாராவது வந்தால், முதல் வேலையாக அதைக் கழற்றி எறிந்தோம். "மதுரைக்கு எதுக்குங்க தெர்மோஸ்டாட், அதெல்லாம் டெல்லிக்கு." நானே எத்தனையோ வண்டியில் கழற்றியிருக்கிறேன். ரேடியேட்டர் அடைப்பைப் பார்க்க மாட்டோம், ஃபேனைப் பார்க்க மாட்டோம். வால்வு போனதும் முள் கீழே நிற்கும், வண்டிக்காரர் கும்பிட்டுவிட்டுப் போவார். ஆறு மாதம் கழித்து மைலேஜ் இல்லை என்று வருவார். இன்ஜின் ஒருநாளும் முழுச் சூட்டுக்கே வராமல் எப்போதும் கூடுதல் பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருந்தால் மைலேஜ் எங்கிருந்து வரும்? மலையில் இறங்கும்போது இன்னும் மோசம், எதிர்க்காற்று ரேடியேட்டரில் அடிக்க, இன்ஜின் பச்சைத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். உங்கள் வண்டி 2021 என்பதால் பயமில்லை. சித்தப்பாவின் வண்டி பழசு என்றால் கேட்டு வையுங்கள்: அதில் அந்த வால்வு இருக்கிறதா?

கூலன்ட் என்றதும் ஞாபகம் வருகிறது. குறைந்த இடத்தில் வீட்டு போர் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருக்கிறீர்களா? மதுரையில் நிறையத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. ஹீட்டர் பாத்திரத்தில் படிகிற அந்த வெள்ளைப் படிவுதான் ரேடியேட்டர் குழாயிலும் படியும். சரிபாதி கூலன்ட், சரிபாதி டிஸ்டில்டு தண்ணீர் என்று கலந்தால் மைனஸ் 35-க்கு மேல் உறையாது. வெறும் தண்ணீர் பூஜ்யத்தில் உறைந்து, உறையும்போது ஒன்பது சதவீதம் விரியும். கொடைக்கானலில் ஜனவரியில் சில இரவு ஏரிக்கரைப் புல்லில், மன்னவனூர் பக்கத்துப் புல்வெளியில் உறைபனி விழும். ஒரு ராத்திரி உறைபனியில் இன்ஜின் வெடித்துவிடாது, அந்தப் பயம் வேண்டாம். ஆனால் வெறும் தண்ணீரோடு மலைக்குப் போக வேண்டியதும் இல்லை.

இப்போது மதுரைக்கே உரிய ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும், குளிரைவிட இதுதான் அதிக வண்டிகளைக் கெடுக்கிறது. மகன் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பான். வண்டி இங்கே போர்ட்டிகோவில் கவர் போட்டு நிற்கும். "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பத்து நிமிஷம் ஓடவிடுங்கப்பா" என்று போனில் சொல்வான். அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செய்வார். அப்படி ஒரு வண்டி கே.கே. நகரிலிருந்து என்னிடம் வந்தது. மூன்று வருடத்தில் 4,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, சைலன்சரில் கை வைத்தால் உதிர்கிறது. ஆயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் மோரைக் கடைந்து ஒட்டிய மாதிரி வெள்ளையாக ஒரு பசை. பெரியவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "வாரா வாரம் ஓடவிட்டேனே தம்பி!" ஓடவிட்டதுதான் கேடு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். சூடான சைலன்சரில் அது புகையோடு போய்விடும். ஆறின சைலன்சரில் வியர்த்து, உள்ளேயே தேங்கி, தகட்டைத் தின்னும். இன்ஜினுக்குள் இறங்கிய ஈரம் ஆயிலோடு கடைந்து அந்தப் பசையாகும். பேட்டரியாவது சார்ஜ் ஆகியிருக்கும் என்றால் அதுவும் முழுசாக இல்லை. ஸ்லோ ஸ்பீடில் ஆல்டர்னேட்டர் கொடுப்பது கொஞ்சம், செல்ஃப் அடித்ததில் போனதைத் திருப்பிக் கொடுக்கவே நேரம் ஆகும். அந்தப் பெரியவருக்கு நான் சொன்னது: பதினைந்து நாளைக்கு ஒருமுறை நாகமலை புதுக்கோட்டை வரைக்கும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள், முடியாவிட்டால் பேட்டரி ஒயரைக் கழற்றி வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். போர்ட்டிகோவில் மட்டும் ஓடவிடாதீர்கள். ஷட்டர் போட்ட ஷெட்டுக்குள் என்றால் உயிருக்கே ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது.

இதே கணக்கில்தான் தினமும் ஒன்றரை கிலோமீட்டர் டியூஷனுக்குப் போய்த் திரும்புகிற வண்டியும். அது வருடம் முழுவதும் மார்கழியில்தான் இருக்கிறது. அப்படி ஓடுகிற வண்டிக்கு, கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றத்தான் வேண்டும்.

சித்தப்பாவின் டீசலுக்கு வருவோம். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது, காற்றை இறுக்கி அமுக்குவதில் வருகிற சூட்டில்தான் எரிகிறது. உலோகம் ஆறியிருந்தால் அந்தச் சூட்டை அது குடித்துவிடும். அதனால்தான் ஹீட்டர் பிளக். சாவியைத் திருப்பியதும் மஞ்சளாக ஸ்பிரிங் மாதிரி ஒரு விளக்கு வருமே, அது அணைந்த பிறகு செல்ஃப் அடிக்க வேண்டும். மதுரையில் அது கண் சிமிட்டுவதற்குள் அணைந்துவிடும், நிறையப் பேர் அப்படி ஒரு விளக்கு இருப்பதையே கவனித்ததில்லை. கொடைக்கானலில் அணைவதற்குச் சில விநாடி கூடலாம். நமக்கு வருடக்கணக்காகத் தேவைப்படாததால் ஹீட்டர் பிளக் ஒன்றிரண்டு செத்துக்கிடப்பதும் தெரியாது, மலையில் காலை ஆறு மணிக்குத்தான் தெரியும். வெள்ளைப் புகை தள்ளி, மிஸ்ஸிங் அடித்து, கொஞ்ச நேரத்தில் சரியானால் அதுதான் காரணமாக இருக்கும். கிளம்புவதற்கு முன் ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடச் சொல்லுங்கள்.

டீசலை நின்ற இடத்தில் ஓடவிட்டுச் சுடவைப்பது பெட்ரோலைவிட வீண். தேவைக்கு மேல் காற்றை இழுத்து, துளி டீசலை எரித்துக்கொண்டு நிற்கிற இன்ஜின் சூடே ஆகாது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்-6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் என்றால், புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் ஒன்று இருக்கும். இப்படி நின்று ஓடினால் அதில் கரி சேரும், எரித்து வெளியேற்ற ஹைவேயில் நல்ல ஓட்டம் வேண்டும். டர்போ இருக்கிற வண்டியில் அந்த ஒரு நிமிடத்தை மட்டும் தவறவிட வேண்டாம். டர்போ என்பது இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற சின்ன விசிறி, நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகிற சாமான், ஆயில் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. அதேபோல மலையேறி முடித்து லாட்ஜ் வாசலில் நிறுத்தியதும் டக்கென்று சாவியைத் திருப்பாமல், ஒரு நிமிடம் ஓடவிட்டு ஆஃப் செய்யச் சொல்லுங்கள். டீசல் உறைந்துவிடுமா என்றும் கேட்பார். லடாக்கில் உறையும், அங்கே அதற்கென்றே மைனஸ் 33 டிகிரிவரை தாங்குகிற குளிர்கால டீசலை 2019-இல் இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. கொடைக்கானலில் வேன்கள் நம் டீசலில்தான் வருடம் முழுக்க ஓடுகின்றன.

காலையில் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டுக்கு டீ குடிக்கப் போனால், பஸ்கள் வரிசையாக நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். "பாரு, பஸ்ஸே ஓடவிட்டுத்தான் எடுக்கிறான்" என்று அப்பா சொல்லக்கூடும். பஸ்ஸுக்கு ஏர் பிரேக். இரவில் டேங்கில் இறங்கிப்போன காற்றை கம்ப்ரசர் ஏற்றாமல் பஸ்ஸை எடுக்கவே முடியாது. டிரைவர் பார்த்துக்கொண்டிருப்பது காற்று முள்ளை.

இனி அங்கே காலையில் என்ன செய்வது. முதலில் பேட்டரி, ஏனென்றால் மலையில் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கிற மதுரை வண்டிகளில் எனக்கு வந்த போன்கள் பெரும்பாலும் இதற்காகத்தான். பேட்டரியைக் கொல்வது நம் சித்திரை, வைகாசி வெயில். உள்ளே இருக்கிற ஈயத் தகடு சூட்டில் அரித்துப்போகும். ஆனால் செத்தது தெரியாது, 25 டிகிரியில் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருக்கும். குளிர் ஊரில் பேட்டரியின் தெம்பும் குறைகிறது, கெட்டியான ஆயிலைச் சுற்றவேண்டிய பாரமும் கூடுகிறது. அங்கே கையை விரித்துவிடும். மூன்று வருடம் தாண்டிய பேட்டரி என்றால் போவதற்கு முன்பே லோடு டெஸ்ட் போட்டுப் பாருங்கள். ஓடாமல் இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் நிறைவு, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. எதற்கும் ஒரு ஜம்பர் ஒயரை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். சித்தப்பா வண்டிதான் கூடவே வருகிறதே.

செல்ஃப் அடிக்கும்போது கிளட்ச்சை முழுவதும் மிதித்துக்கொள்ளுங்கள், கியர்பாக்ஸில் இருக்கிற கெட்டி ஆயிலைச் சுற்றுகிற பாரம் மிச்சமாகும். சாவி போட்டதும் உடனே அடிக்காமல் இரண்டு விநாடி பொறுங்கள், பெட்ரோல் பம்ப் பிரஷர் ஏற்றட்டும். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஆவியாவதற்குப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சூட்டை எடுத்துக்கொள்ளும், அதனால் 8 டிகிரியில் ஒரு சுற்று கூடுதலாக இழுத்துப் பிடித்தால் பயப்பட வேண்டாம். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காதீர்கள், விட்டு அரை நிமிடம் கழித்து அடியுங்கள். கூட வருகிற யாருடையதாவது சிஎன்ஜி வண்டி என்றால், அது பெரும்பாலும் பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடான பிறகுதான் கேஸுக்கு மாறும். பெட்ரோல் டேங்க்கைக் காயப்போட்டுவிட்டு மலைக்கு வரக் கூடாது.

கண்ணாடியில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தால் குளிக்க வந்த வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். கண்ணாடி கீறிவிடும். சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும், அதற்குப் பிறகு வைப்பர். உள்பக்கம் மங்கினால் ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், அதன் ஈரத்தை ஏசிதான் எடுக்கும். ஏசிக் குமிழில் சிவப்புப் பக்கம் ஒன்று இருக்கிறது. மதுரைக்காரர்கள் வண்டி வாங்கிய நாளிலிருந்து அந்தப் பக்கம் திருப்பியிருக்க மாட்டார்கள். அதுதான் ஹீட்டர். அது இன்ஜின் சூட்டைத்தான் எடுத்து உள்ளே விடுகிறது, ஆகவே ஏறினதும் போட்டால் குளிர்க்காற்றுதான் வரும், இன்ஜின் சூடாவதும் தள்ளிப்போகும். இரண்டு மூன்று கிலோமீட்டர் போனபின் போடுங்கள். இரவில் வண்டியை ஓடவிட்டு ஹீட்டர் போட்டுக்கொண்டு உள்ளேயே தூங்குகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

லாட்ஜ் எங்கே என்பதையும் பாருங்கள். அங்கே நிறைய காட்டேஜ்கள் பள்ளத்தில் இருக்கும், வாசலைத் தாண்டியதும் செங்குத்தாக ஏறவேண்டி இருக்கும். ஆறின இன்ஜினுக்கு அதுதான் உண்மையான தண்டனை, அதிலும் ஐந்து பேரும் பெட்டியும் ஏறி உட்கார்ந்திருந்தால். ஏரிக்கரை 2,100 மீட்டர் உயரத்துக்கு மேல், காற்றின் அடர்த்தியே கீழே இருப்பதில் எண்பது சதவீதம்தான், டர்போ இல்லாத வண்டிக்கு இழுவையும் அந்த அளவுக்குக் குறையும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நிமிடத்தை இரண்டு நிமிடமாக ஆக்கிக்கொள்ளலாம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். முடிந்தால் முந்தைய இரவே வண்டியை மேலே ரோட்டு மட்டத்தில் நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் ஆட்களை நடந்து ஏறச் சொல்லிவிட்டு, முதல் கியரில் அடித்து விரட்டாமல் ஏற்றுங்கள்.

திரும்பி வரும் நாளில் கிளம்பியதுமே இறக்கம். இரண்டாவது கியரில் கால் எடுத்து இறங்கும்போது ஈசியூ பெட்ரோலையே நிறுத்திவிடும், எனவே இன்ஜின் சூடாக நேரம் பிடிக்கும், நீல விளக்கு பெருமாள்மலைவரைகூட எரியலாம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. சூடாகவில்லையே என்று நியூட்ரலில் விட்டு ரைஸ் பண்ணுகிறேன் என்றோ, பெட்ரோல் மிச்சம் என்று ஆஃப் செய்துவிட்டு உருட்டுகிறேன் என்றோ இறங்காதீர்கள். இன்ஜின் நின்றால், பெடலை லேசாக்குகிற பிரேக் பூஸ்டருக்கு உயிர் இல்லை, இரண்டு மிதிக்கு அப்புறம் பெடல் கல்லாகிவிடும்.

அப்புறம், டயர். மதுரை பங்கில் மத்தியானச் சூட்டில் காற்று பிடித்தால், டயர் ஆறியதும் அளவு குறைந்துவிடும். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய இரண்டு பாயின்ட். ஊரில் காலையிலேயே, டயர் ஆறியிருக்கும்போது, சரியான அளவில் பிடித்துவிடுங்கள். கொடைக்கானலுக்குள் வண்டி போவதற்கான இ-பாஸ் எடுத்தாயிற்று அல்லவா? வழியில் செக்போஸ்டில் கேட்பார்கள்.